கத்திக்குச் சுர்மா போட்ட கதை

ஒன்லைனில் கத்தி தீட்டுற செட் வாங்கினதிலிருந்து எங்கட காக்கா, அதான் என்ட அண்ணன், பெரிய ஆள்.

"பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் விளங்காது. தொட்டா உன்ட போனைப் பறிப்பன்."

வீடியோவில் சொன்னபடி கோணத்தைப் பதினைந்து டிகிரியில் வைத்து, உம்மாட மீன் கத்தியை ரெண்டு நாளாகத் தேய்ச்சார். இன்றைக்கு அது சூரை மீன் தோலில் வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"கத்தி சரியில்ல உம்மா, எறிங்க."

அவர் அஸர் தொழப் போன நேரம், கத்தி வாயில் நான் கண்ணுக்குப் போடுற சுர்மாவைப் பூசி, அதே பதினைந்தில் கல்லை ஒருக்கா இழுத்தேன். மேல்பக்கச் சுர்மாதான் அழிந்தது. கல் கூர் விளிம்பைத் தொடவே இல்லை! கோணத்தை இருபதுக்கு ஏத்தினேன். இப்போது விளிம்பு வரைக்கும் அழிந்தது. அப்படியே தீட்டி முடித்தேன்.

காக்கா வந்து சுர்மா டப்பியைக் கண்டார். "கத்திக்கு மாப்புள பாக்கிறியா?"

உம்மா கத்தியையும் சூரையையும் எடுத்தா. வயிறு ஒரே இழுவையில் பிரிந்தது.

"இனி இவள்தான் தீட்டுவா."

"வீடியோவில பதினைந்து எண்டுதானே சொன்னான்!"

"அவன் எங்கட உம்மாட கத்தியைக் கண்டானா காக்கா?"

செட் இப்போது என்ட அறையில். போனும் என்ட கையில், அதால்தான் எழுதுறேன். காக்கா மாங்காய் வெட்டக் கத்தி கேட்கிறார். கத்தியைக் குடுக்கவா, சுர்மாவை மட்டும் குடுக்கவா? கீழே கமெண்டில் சொல்லுங்க.