பொணக் கேமின் இரும்புக் கதவு

போன மாதம் என் மகன் டிவிக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பெட்டியை வைத்து ஒரு கேமை ஓட்டிக் காட்டினான். "அப்பா, உன் காலத்து கேம்பா இது. புது மெஷினுக்கு மறுபடியும் விட்டுக்கிறானுங்க" என்றான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே பங்களா, அதே இருட்டு மாடிப்படி, காலை இழுத்து இழுத்து நடந்து வரும் அதே பிணங்கள். படத்தை மட்டும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது எந்த இடத்தில் வேண்டுமானாலும் சேவ் செய்யலாமாம். செத்துப்போனால் ஒரு பட்டனை அமுக்கிக் கொஞ்சம் பின்னால் போய் உயிரோடு நிற்கலாமாம். "அப்ப பயம் எங்கடா கீது?" என்று கேட்டேன். "டைம் வேஸ்ட் ஆவாதுல்லப்பா" என்றான். நாங்கள் ஆடியபோது சேவ் செய்ய வேண்டுமென்றால் அந்தப் பங்களாவுக்குள் டைப்ரைட்டர் இருக்கும் அறையைத் தேடிப் போக வேண்டும். அதில் போட ஒரு ரிப்பன் வேண்டும். அந்த ரிப்பனும் அங்கொன்று இங்கொன்றுதான் கிடைக்கும். செத்தால் செத்ததுதான்.

கும்மிடிப்பூண்டியில் அந்தக் கேமை முதன்முதலில் முடித்தவன் நான். இதை எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இன்றைக்குக் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சொந்த ஷெட்டில் பிரஸ் மெஷின் ஓட்டிப் பதினெட்டு பேருக்கு வேலை கொடுக்கிறேன். எவன் சிபாரிசும் இல்லை, எவன் கையும் பிடிக்கவில்லை. அந்த மூளை பன்னிரண்டு வயதிலேயே எனக்கு இருந்தது என்பதற்கு அந்தக் கேம்தான் சாட்சி என்று வேலையாட்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். மகன் அன்று சாதாரணமாகத்தான் கேட்டான். "உனுக்குதான் இங்கிலீஷ் படிக்க வராதேப்பா, அந்த லெட்டருங்கெல்லாம் எப்டி புரிஞ்சிச்சி?"

கையிலிருந்த ரிமோட்டை சோபாவில் வீசிவிட்டு வெளியே போனேன். அவனுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்தது. அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். அவருக்கு இரும்பு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. ஸ்டேஷன் ரோட்டில் பங்க்சர் கடைக்குப் பின்புறம் ஒரு தகர ஷெட்டில் வீடியோ கேம் கடை. இரண்டு டிவி, இரண்டு பெட்டி, ஆட்டத்தை சேவ் செய்து வைக்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு மெமரி கார்டு. கடைக்கார அண்ணன் அதைச் சாவியோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். அந்தக் கேமின் பெயர் எவன் வாயிலும் நுழையாது. பொணக் கேம் என்போம்.

எல்லாப் பையன்களும் ஓர் இரும்புக் கதவுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் நாலு நம்பர் அடிக்கிற ஒரு பெட்டி. எந்த நம்பர் என்று எவனுக்கும் தெரியாது. பங்களா முழுக்க ஒரு டாக்டர் எழுதிப் போட்ட கடிதங்கள் கிடக்கும். எல்லாம் இங்கிலீஷ். பையன்கள் கடிதத்தைத் தள்ளிவிட்டுச் சுடப் போய்விடுவார்கள். நான் மட்டும்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்: கடிதம் திறந்திருக்கும்வரை ஒரு பிணமும் அசையாது. அந்த நேரத்தில் ரஃப் நோட்டில் கடிதத்தை வரைந்துகொள்வேன். எழுதுவேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு எழுத்தும் எனக்கு ஒரு படம்.

"டேய், இன்னா பரீட்சை எழுதிக்கினுகிறியா? டைம் ஓடுது பாரு!" என்று பின்னாலிருந்து கத்துவார்கள்.

வரைந்ததை அக்காவிடம் கொண்டு போவேன். அவள் பதினோராவது படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில் அவள்தான் வகுப்பிலேயே முதல். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் படிப்பாள்.

"இன்னாடா இது, பாதி எழுத்து தலைகீழா கீது."

"நம்பர் கீதா பாரு."

"இருடா. டாக்டரு தன் பொண்ணுக்கு எழுதிக்கிறாரு. ரூமுக்குள்ளயே இரு, நானே வந்து கூப்ட்டாலும் கதவத் தெறக்காதன்றாரு."

"நம்பர் கீதா இல்லியா?"

"இல்ல. ஆனா ஏன்டா தெறக்காதன்றாரு? தானும் பொணமா ஆயிடுவோம்னு அவருக்கே தெரிஞ்சிபோச்சி போல."

நம்பர் இல்லாத கடிதத்தால் எனக்கு என்ன லாபம்? அவளுக்கோ அதுதான் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "இன்னிக்கு லெட்டர் எங்கடா?" என்பாள். தன் இங்கிலீஷ் நோட்டின் பின்பக்கங்களில் எல்லாக் கடிதங்களையும் தமிழில் மாற்றி வரிசையாக எழுதி வைத்தாள். நான் ஒருநாள் கடைக்குப் போகாவிட்டால் என்னைவிட அவளுக்குத்தான் பேஜாரு.

கடைசிக் கடிதத்தை என்னால் வரைய முடியவில்லை. சாய்ந்த எழுத்து, மேலே மை கொட்டினமாதிரிக் கறை, இரண்டு பக்கம். அதற்குள் கவரைப்பேட்டையிலிருந்து ஞாயிறுதோறும் ரயிலேறி வருகிற ஒருவனும் அந்த இரும்புக் கதவுக்கு வந்து சேர்ந்துவிட்டான். அவன் முடித்துவிட்டால் என் பேர் என்ன ஆவது? அக்காவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"பொண்ணுங்க போற எடமாடா அது?"

"ஒரே ஒரு தபா வா அக்கா. நீ வரலைனா கவரப்பேட்டக்காரன் முடிச்சிடுவான்."

"அவன் முடிச்சா எனுக்கின்னா?" என்றவள், தன் நோட்டின் பின்பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அந்த டாக்டர் பொண்ணு இன்னா ஆனான்னு தெரிஞ்சிக்கணும். வரேன்" என்றாள்.

தோழி வீட்டுக்கு என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஷெட்டுக்குள் அவள் குனிந்து நுழைந்ததும் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்கார அண்ணன் தன் ஸ்டூலைத் தள்ளி, "குந்தும்மா" என்றார்.

அவள் கடிதத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். அடுத்த டிவியின் சத்தத்தை அண்ணனே குறைத்தார். கவரைப்பேட்டைக்காரன் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். டாக்டர் முழுசாக மாறுவதற்கு முன்னால் மகளைப் பின்வழியாக அனுப்பிவிட்டார். அந்த மகள் பிறந்த தேதியும் மாசமும்தான் நம்பர்.

"தப்பிச்சிட்டாடா!" என்றாள் அக்கா. என் கையிலிருந்த கேம் ரிமோட்டை வாங்கி அவளே நாலு நம்பரையும் அடித்தாள். இரும்புக் கதவு கிறீச்சென்று திறந்தது. பையன்கள் விசிலடித்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது வந்தது பொறாமை. என் கதவை இவள் எப்படித் திறக்கலாம்?

அந்த நேரம் பார்த்து சைக்கிளுக்குப் பங்க்சர் ஒட்ட வந்த சித்தப்பா, விசில் சத்தம் கேட்டு ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே இது? ஆம்பளப் பசங்களோட குந்திக்கினு இன்னா சிரிப்பு? நட ஊட்டுக்கு!"

சாயந்திரம் நைனா பெல்ட்டைக் கழற்றுவார் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் கோபப்படவே இல்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "இன்னிமே இஸ்கூல் வாணாம். ஊரே சிரிக்குது. நாளைக்கு ஷூ கம்பெனி வேன் வரும், ஏறிப் போ."

"நைனா, பன்னண்டாவது மட்டும் முடிச்சிட்டுப் போறேன் நைனா. நல்லா படிக்கிறேன் நைனா."

"சொன்னா சொன்னதுதான்."

அம்மா நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தம்பி கூப்பிட்டுத்தான் போனேன் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கதவு திறந்த பிறகு அண்ணன் சேவ் செய்தாரா இல்லையா என்பதுதான் அந்த நேரம் என் கவலை.

அடுத்த ஞாயிறு நான் கேமை முடித்தேன். பையன்கள் தோளில் தூக்கினார்கள். கதவைத் திறந்தது யார் என்று எவனும் பேசவில்லை. பேசியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

அக்கா படிப்பு போனதற்குச் சித்தப்பாதான் காரணம் என்று முடிவு கட்டினேன். இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு பேசவில்லை. நான் வீடு கட்டிக் குடிபோனபோது ஊரையே கூப்பிட்டேன், அவரைக் கூப்பிடவில்லை. ஒருமுறை காக்களூருக்குத் தேடி வந்தவரை வாட்ச்மேனை விட்டு கேட்டோடு திருப்பி அனுப்பினேன். அவர் சாவுக்கும் போகவில்லை. அக்கா மகளை நான்தான் இன்ஜினியரிங் படிக்க வைத்தேன், அக்கா வாக்கப்பட்ட மீஞ்சூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் என் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு அடையாள அட்டை அடிக்கக் கொடுத்தேன். போட்டோ, வயதுச் சான்று, ஃபாரம் என்று பத்து நாள் ஆனது. வந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நைனா இருந்திருந்தால் அன்றைக்கே சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. யாரைக் கேட்பது?

நைனா சொன்னதற்கு மறுநாள், அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் வேன் வந்து நின்றது. அக்கா புது நீலக் கோட்டு போட்டிருந்தாள், அவள் அளவுக்கே தைத்தது. கழுத்தில் கம்பெனி அட்டை. அதில் அவள் போட்டோ. பரீட்சைக்கு வேண்டும் என்று சொல்லி, ஒரு மாதத்துக்கு முன்னால் அம்மா ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்த போட்டோ. கம்பெனிக்காரன் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் முடித்துவிட்டானே, என்ன வேகம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நம்பர் மட்டும் எனக்கு நன்றாகப் படிக்க வரும். வயது பதினெட்டு என்று போட்டிருந்தது.

"அக்கா, உனுக்குப் பதினாறுதானே? தப்பா போட்டுக்கிறாங்க. போனதும் சொல்லி மாத்திக்கோ" என்றேன்.

அவள் அட்டையை என் கையிலிருந்து பிடுங்கி, திருப்பிப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள்.