என் குரலுக்கு இறங்கிய கைகள்

என் சின்ன மகன் ரிங்கில் விழுந்ததற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எதிரில் நின்ற பையன் மேல் தப்பில்லை. ரெஃப்ரி மேலும் தப்பில்லை. குத்துச்சண்டை மேலும் தப்பில்லை. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எங்கள் குடும்பத்தில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

எங்களுக்குத் தி. நகரில் துணிக்கடை. அப்பா காலத்தில் தெற்கிலிருந்து வந்தோம். அண்ணனும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். கல்லூரியில் மூன்று வருடம் நான் குத்துச்சண்டை போட்டேன், பெரிதாக எதுவும் ஜெயித்ததில்லை. என் இரண்டு பையன்களுக்கும் மொட்டை மாடியில் நானே கற்றுக்கொடுத்தேன். கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளைச் சாக்கில் திணித்துத் தொங்கவிட்டதுதான் அவர்கள் குத்திப் பழகிய முதல் மூட்டை. ஞாயிறு விடிந்ததும் பெசன்ட் நகர் போய், குப்பத்துப் படகுகள் நிற்கும் இடம் வரை மணலில் ஓடுவார்கள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நடப்பேன்.

இருவருக்கும் இரண்டு வயது வித்தியாசம். கோபத்தில் வித்தியாசமே கிடையாது. மோதவிட்டால் பயிற்சி எந்த நிமிடம் சண்டையாகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு விதி வைத்தேன். நான் ‘போதும்’ என்றால் அந்த நொடியே இருவரும் கையை இறக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு குத்து விட்டாலும் மறுநாள் கிளவுஸைத் தொடக் கூடாது. முதல் வருடம் மாறி மாறித் தண்டனை வாங்கினார்கள். பிறகு உடம்பில் ஊறிவிட்டது. சாம்பார் ஊற்ற வரும் என் மனைவியிடம் நான் ‘போதும்’ என்றால்கூட, பக்கத்தில் சாப்பிடும் சின்னவனின் தோள் தளரும். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

சின்னவன் விழுந்த அந்தப் போட்டியில், இரண்டாவது ரவுண்டில் அவன் நன்றாக முன்னால் இருந்தான். எதிராளி கயிற்றில் சாய்ந்திருந்தான், மூக்கில் ரத்தம். ரெஃப்ரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. அந்தப் பையனைப் பெற்றவர்கள் இந்தக் கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்திருப்பார்களே என்று ஒரு நினைப்பு வந்தது. ரவுண்டு நடக்கும்போது, கார்னரில் பயிற்சியாளராக நிற்பவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கத்திவிட்டேன்.

"போதும்."

சின்னவன் கையை இறக்கினான். எதிராளிக்கு எங்கள் வீட்டு விதி தெரியாது. தப்பித்தால் போதும் என்று அவன் வீசிய குத்து தாடையில் விழுந்தது. கண் திறந்ததும் சின்னவன் என்னிடம் கேட்டான்: "பெல் அடிச்சாச்சாப்பா?"

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் ஓய்வு மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"ஏலே, கடைல உக்கார வேண்டிய பயல அடி வாங்க அனுப்பியிருக்க. நம்மள்ல எவம்ல இதெல்லாம் போட்டான்?"

"நான் போட்டேன்."

"நீ போட்டு என்னத்தக் கிழிச்ச?"

"ஒண்ணும் கிழிக்கல. ஆனா எவனும் சொல்லி நான் நிறுத்தல."

அண்ணன் காபியைக் குடிக்காமல் போய்விட்டார்.

டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்த சமயத்தில் அடுத்த போட்டிக்கான படிவம் வந்தது. சின்னவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை. பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டேன். அடையாறில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் மனைவி பேனாவைத் தொடவில்லை.

"விழுந்ததுக்காக இல்ல" என்றாள். "நீங்க ஒரு வார்த்த சொன்னா விழற மாதிரி வளத்திருக்கீங்களே, அதுக்காக. ரெஃப்ரி சொன்னா நிறுத்தட்டும். நீங்க கத்தி அவன் கைய இறக்காம இருக்கறத நான் கண்ணால பாக்கணும். அப்பதான் போடுவேன்."

பெரியவன் சிரித்தான். "கரெக்ட்மா. ரோட்ல எவனாவது போதும்னு சொன்னாலே இவன் கையத் தொங்கப் போட்டுக்கினு நிப்பான்."

"நீ மூடுடா. உனக்கும் அதே வியாதிதான்" என்றான் சின்னவன்.

பதினோரு வருடமாகப் பழக்கியதை அழிக்க எங்களுக்குக் கிடைத்தது இரண்டு வாரம். என் கையில் குத்து வாங்கும் மெத்தை பேட் கட்டிக்கொண்டு அவனைக் குத்தச் சொல்வேன், நடுவில் ‘போதும்’ என்பேன். கை இறங்கிவிடும். இறங்கியதும் பல்லைக் கடித்துக்கொள்வான். மறுபடி செய்வோம், மறுபடி இறங்கும். ஒவ்வொரு முறையும் ‘இன்னும் என் பேச்சைக் கேட்கிறான்’ என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இதை மனைவியிடம் சொல்லவில்லை.

படிவம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின மாலை, பெரியவன் கிளவுஸ் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்தான்.

"நீங்க பாடம் நடத்தற மாதிரி சொல்றீங்கப்பா. அன்னிக்குப் பயந்துதான கத்துனீங்க. அதே மாதிரி கத்தணும். நீங்க தள்ளி நில்லுங்க, நான் இவன் கூட எறங்கறேன்."

மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் தலைக்கவசம் மாட்டினார்கள். பெரியவன் விளையாடவில்லை. தம்பியைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் வரை தள்ளி, விலாவில் இரண்டு, தலையில் ஒன்று விட்டான். சின்னவனின் முழங்கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. சோதனை, படிவம் எதுவும் நினைவில்லை. உண்மையாகவே கத்தினேன்.

"போதும்டா! போதும்!"

பெரியவனின் கை இறங்கியது. சின்னவனின் கை இறங்கவில்லை. நேராக வந்த வலது குத்தில் பெரியவன் இரண்டு அடி பின்னால் போய், கொடியில் கிடந்த போர்வையோடு உட்கார்ந்தான்.

"டேய், அப்பா போதும்னாருல்ல?"

"அவரு ரெஃப்ரியா?"

பெரியவன் போர்வைக்குள்ளிருந்து சிரிக்க ஆரம்பித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முதல் வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் என் ‘போதும்’ எடுபடாமல் போனது. வலித்தது. அதைவிட அதிகமாக, நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது போலவும் இருந்தது. மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஃபாரத்தக் கொண்டாங்க."

கொடிக்குக் கீழேயே, தொட்டி மூடியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பெரியவனையும் இதே மாதிரி பழக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மிச்சத் துணியை எடுத்தாள்.

போட்டி வரும் ஞாயிறு. நேற்றுக் கடையில் அண்ணன் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டே கேட்டார், "இந்தத் தடவையும் கார்னர்ல நீதானா?"

"நான்தான்" என்றேன்.

"திரும்பவும் கத்தினா?"

"கத்துவேன். அவன் கேக்க மாட்டான்."

சொல்லிவிட்டுப் புடவையை மடித்தேன். மடிப்பு கோணலாக வந்தது. பிரித்து மறுபடி மடித்தேன்.