கேட்காமல் போன ‘டிக்’ சத்தம்

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்த முதல் வருஷம் நடந்தது இது. ஆயுத பூஜை முடிந்து, பொதிகை மலைமேல் மேகம் கட்டத் தொடங்கியிருந்த நேரம்.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போதே எனக்கு வில் என்றால் பித்து. அதனால் அமெரிக்காவில் வேலை பார்த்த அண்ணன் ஊருக்கு வந்தபோது ஒரு பழைய காம்பவுண்ட் வில்லைக் கொண்டுவந்து கொடுத்தான். மேலேயும் கீழேயும் சக்கரம், குறுக்கே கம்பி கம்பியாகக் கயிறுகள். பீரோ, கட்டிலோடு அதுவும் புகுந்த வீட்டுக்கு வந்து இறங்கியதும் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. மாமனாருக்கு மில்லில் நூற்புப் பிரிவில் வேலை. சக்கரத்தைக் கண்டதும் அவருக்கு வில் பிடித்துப்போயிற்று. மாமியாருக்கு, அதாவது எங்கள் அத்தைக்குத்தான் முகம் சுருங்கியது.

மதுரையில் ஒரு சங்கம் இந்த மாதிரி வில்லுக்கென்று ஆள் தேர்வு வைத்திருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன்.

“போயிட்டு வா. தேறலன்னா அத மச்சுல தூக்கிப் போட்டுரணும். பொறவு பேச்சே கிடையாது” என்றார் அத்தை.

“சரி அத்தை” என்றேன். தேறாமல் எங்கே போகப் போகிறேன் என்ற திமிர்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்வரை புறவாசலில் அடுக்கிய வைக்கோல் மூட்டைகளில் என் அம்புகள் ஒரு தேங்காய் அளவு இடத்துக்குள் போய்ச் செருகி நின்றன. பூஜையன்று அத்தை தானாகவே வில்லையும் அம்புகளையும் கேட்டு வாங்கி, அரிவாள்மணைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் எடுத்து விட்டேன். ஒன்று மேலே போனது, ஒன்று கீழே போனது, ஒன்று மூட்டையைத் தாண்டிப் பின்சுவரில் போய் மோதியது.

எனக்கு ஒன்று சரியில்லை என்றால் கை சும்மா இருக்காது. குறி பார்க்கும் ஊசியை நகர்த்தினேன். அம்பைத் தாங்கும் கொக்கியைக் கழற்றி மாட்டினேன். நாணுக்கு மெழுகு தேய்த்தேன். வெயிலில் கயிறு இளகிவிட்டதோ என்று திருகுகளை இறுக்கினேன், பிறகு அவற்றையே தளர்த்தினேன். அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது புறவாசலுக்கு ஓடுவேன். சோறு இறங்கவில்லை. தேர்வு நாள் நெருங்க நெருங்க, கோளாறு வில்லில் இல்லை, என் கையில்தான், இனி எனக்கு இது வராது என்றே நினைக்க ஆரம்பித்துவிட்டேன். அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

“கொஞ்சம் சும்மா இரு. நீ திருகுத திருகுல அது வில்லா வீணையான்னே தெரியல” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

அண்ணன் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தான். கொடிக்கயிற்றில் செய்தித்தாளைத் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று அதன் வழியே அம்பை விட வேண்டும். அம்பு நேராகப் போனால் வட்டமாக ஓட்டை விழும். சாய்ந்து போனால் தாள் நீளமாகக் கிழியும். அதையும் செய்தேன். ஒரு கிழிசல் மேல்நோக்கி, அடுத்தது பக்கவாட்டில். ஒன்றைப் போல ஒன்று இல்லை. தாளைச் சுருட்டி எறிந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

பாதிப் பாத்திரத்தில்தான் உறைத்தது. வில்லில் கோளாறு என்றால் எல்லாக் கிழிசலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? அப்படியென்றால் கோளாறு அம்பில்! சாம்பல் கையோடு ஓடினேன். அம்புகளைத் தரையில் உருட்டினேன். ஒன்றுகூட வளையவில்லை. ஆத்திரத்தில், இறகு கிழிந்ததால் பீரோவுக்குள் ஒதுக்கி வைத்திருந்த ஓட்டை அம்பையும் எடுத்து வந்து, வேறொரு தாளைத் தொங்கவிட்டு, நாணில் பொருத்தினேன்.

‘டிக்’ என்று ஒரு சத்தம்.

விட்டேன். தாளில் வட்ட ஓட்டை. மறுபடி விட்டேன். மறுபடியும் வட்டம்.

அந்தச் சத்தத்தைப் பூஜைக்குப் பிறகு நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்பின் வாலில் நாணைக் கவ்வுவதற்கு ஒரு சின்னப் பிளவு இருக்கும். நாண் அதற்குள் முழுதாக இறங்கினால்தான் ‘டிக்’ என்று கேட்கும். மற்ற அம்புகளைத் திருப்பிப் பார்த்தேன். பிளவுக்குள் மஞ்சளாக, கல் மாதிரி காய்ந்துபோன சந்தனம். ஒன்றில் அதிகம், ஒன்றில் கொஞ்சம். பூஜையில் வைக்காத அந்த ஓட்டை அம்பில் மட்டும் இல்லை.

நாண் பாதி கவ்வியபடியே இத்தனை நாள் இழுத்திருக்கிறேன். இழுத்த நிலையில் அம்பு நழுவி வெறும் நாண் போயிருந்தால் வில் முகத்துக்கு நேரே சிதறியிருக்கும். அண்ணன் அதை எத்தனை தடவை எச்சரித்திருந்தான்!

பயம் அடங்கியதும் கோபம் வந்தது. வேண்டுமென்றே செய்தாரோ? சொல்லவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அம்புகளை அள்ளிக்கொண்டு போய் அத்தை முன்னால் போட்டேன்.

“இதுக்குள்ள எதுக்கு அத்தை சந்தனம் வச்சீங்க?”

அவர் ஒரு அம்பை எடுத்து உற்றுப் பார்த்தார். “வேல நடக்குத இடத்துலதான பொட்டு வைக்கணும்? மில்லுல நூலு ஓடுத இடமாப் பாத்து வைப்பாவன்னு உங்க மாமா சொல்லுவாரு. கயிறு தொடுதது இங்கனதானன்னு நானும் ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து வச்சேன். ஏன்ளா, தப்பா?”

அத்தனை அம்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். நான் விட்டதையும் எங்கிருந்தோ கவனித்திருக்கிறார். மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். “மூஞ்சிலயா அடிச்சிருக்கும்?” என்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றி, உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார். “பையச் சுரண்டுங்க, பிளந்துரும்” என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தேர்வில் நான் தேறவில்லை. வில்லின் குறியை முதலில் இருந்த நிலைக்குக் கொண்டுவரவே மிச்ச நாள் போதவில்லை. மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் மழை. வீட்டுக்குள் நுழைந்ததும், ஒப்புக்கொண்டிருந்தபடி மச்சுக்கு ஏணியைச் சாத்தினேன். அத்தை வந்து ஏணியை எடுத்து மூலையில் வைத்தார்.

“நாளக் கெடுத்தது நானுல்லா? இது செல்லாது. அடுத்த வருசம் போ.”

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து நின்று, “எங்கன வைக்கட்டும்?” என்று கேட்டார். நான் அம்பின் நடுத்தண்டைக் காட்டினேன்.

இப்போதும் எனக்கு நல்லது செய்கிறேன் என்று யாராவது எதையாவது கெடுத்து வைத்தால் கோபம் சுர்ரென்றுதான் ஏறுகிறது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால், ஊக்கை வைத்துக்கொண்டு குனிந்து சுரண்டிய அந்தக் கை கண்ணில் வந்து நிற்கிறது.