கேமராவுக்குப் போய்த் திரும்புவதற்குள்

முதல் புகார் வந்தபோது நான் அதை ஒழுங்காகக்கூடப் படிக்கவில்லை. "ஆப் தானா மூடிக்குது. மெசேஜ் ஒன்னும் வரல." அவ்வளவுதான் எழுதியிருந்தது. என் போனில் ஆப்பைத் திறந்து, ஒரு மாட்டின் விவரத்தை எழுதி, போட்டோ எடுத்து, சேமித்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே நடந்தது. "எங்களிடம் சரியாக வேலை செய்கிறது. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்" என்று பதில் போட்டுப் புகாரை முடித்துவைத்தேன்.

சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, மகள் பிறந்த பிறகு திருவண்ணாமலைக்கே திரும்பி வந்தவள் நான். வேங்கிக்காலில் வாடகை வீடு. ஹாலின் ஒரு மூலையில் மேசை போட்டு அங்கிருந்தே வேலை. எங்கள் குழுவில் நாலு பேர். மற்ற மூவரும் சென்னையில் இருந்தார்கள். பால் வாங்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்காக அந்த ஆப்பைச் செய்து கொடுத்திருந்தோம். அவர்களுடைய ஊழியர்கள் ஊர் ஊராகப் போய், மாட்டுக்குக் கோமாரி ஊசி போட்டாயிற்றா, சினையா, கறவையா என்று கேட்டு எழுதுவார்கள். கடைசியில் மாட்டின் காதில் இருக்கும் மஞ்சள் வில்லையை, அதிலிருக்கும் எண் தெரியும்படி போட்டோ எடுக்க வேண்டும்.

ஒரு ஆப் பாதியில் விழுந்தால் வழக்கமாக ஏதாவது தடயம் விட்டுவிட்டுத்தான் விழும். எந்த இடத்தில் தடுக்கியது, எதனால் தடுக்கியது என்று ஓர் அறிக்கை எங்களுக்கு வந்து சேரும். இந்தப் புகாருக்கு அப்படி எதுவும் வரவில்லை. அறிக்கை இல்லையென்றால் கோளாறும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அதே ஊழியரிடமிருந்து அதே புகார் வந்தது. அதையும் அதே பதிலோடு முடித்தேன்.

ஒரு மாதம் கழித்து வந்த மூன்றாவது புகார் கொஞ்சம் நீளமாக இருந்தது. "மேடம், நான் பொய் சொல்லல. ஒரு மாட்டுக்கு நாலு வாட்டி எழுதறேன். என் பதிவு கம்மியா இருக்குன்னு ஆபீஸ்ல திட்றாங்க. ஒரு தடவ வந்து பாத்துட்டு சொல்லுங்க."

அதைப் படித்தபின் வேறு எந்த வேலையும் ஓடவில்லை. அவருடைய நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். எடுத்தது ஒரு பெண். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்க்காரர். குரலைக் கேட்டால் நாற்பதுக்கு மேல் இருக்கும் என்று தோன்றியது.

"எப்போ மூடிக்குதுக்கா?"

"எப்பன்னு சொல்றது மேடம். எல்லாம் எழுதி முடிக்கிற நேரமா பாத்து போயிடுது. மறுபடி பாத்தா முதல் பக்கம் நிக்குது. எழுதுனது ஒன்னும் இருக்காது."

"எரர்னு ஏதாவது எழுத்து வருதா?"

"அது வந்தாலாவது போட்டோ புடிச்சி அனுப்பியிருப்பேனே மேடம்."

அவருக்காக மட்டும் ஆப்பைக் கொஞ்சம் மாற்றி அனுப்பினேன். அவர் செய்கிற ஒவ்வொன்றையும் அது ஒரு வரியாக எழுதிவைத்து எனக்கு அனுப்பும். மறுநாள் வந்த வரிகளைப் பார்த்தேன். எண் எழுதினார், ஊசித் தேதி எழுதினார், கேமரா திறந்தது. அடுத்த வரி: ஆப் புதிதாகத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு மட்டும் ஒன்பது முறை அப்படி.

சென்னையில் இருந்த குழு நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவே மூடி மூடித் தொறக்கறாங்களோ என்னவோ" என்றார். ஒரு நிமிஷம் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

நேரில் வருகிறேன் என்று சொன்னதும், "பௌர்ணமிக்கு முன்னாடி வந்துடுங்க மேடம், அன்னைக்குன்னா கிரிவலக் கூட்டத்துல நீங்க டவுனைத் தாண்டவே முடியாது" என்றார். வியாழக்கிழமை என்று பேசிக்கொண்டோம். மகளைப் பார்த்துக்கொள்ளக் கணவர் லீவு போட்டார். காலை பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போய் இறங்கியபோது, புடவைமேல் நீல நிறக் கோட் போட்டு, ஸ்கூட்டியோடு நின்றிருந்தார் அந்த அக்கா. வண்டியின் முன்பக்கம் ஒரு பை. அதில் நீள நோட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாட்டையும் அதில் எழுதிவைத்திருந்தார். ஆப்பில் பதிவாகாமல் போனதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு சின்னச் சுழி.

"இது எதுக்குக்கா?"

"யாராவது கேட்டா காட்டறதுக்கு. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

முதல் வீட்டில் கலப்பினப் பசு ஒன்று. அக்கா எழுதினார், போட்டோ எடுத்தார், பதிவானது. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. எனக்கு முகம் வாடிவிட்டது. அவருக்கு அதைவிட. "மெக்கானிக் வந்து நின்னா வண்டி சத்தம் போடாதாம், அந்த மாதிரி இருக்கு மேடம்" என்றார்.

மூன்றாவது வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசி முடித்தார். குரூப்பில் வந்த குரல்செய்தி ஒன்றைக் கேட்டார். பிறகு மாட்டின் விவரத்தை எழுதி, கேமராவைத் திறந்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்த மாட்டின் காதைப் பிடித்து போட்டோ எடுத்து, சரி என்று அழுத்தினார். திரையில் ஆப்பின் முதல் பக்கம் வந்து நின்றது. எழுதியது எதுவும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் மெதுவாக.

பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை அவரிடம் காட்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் முகமும் மலர்ந்துதான் இருந்தது. இத்தனை மாதத்தில் அவரைத் தவிர இன்னொருத்தர் அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் போனது. போனை நிறுத்திப் போட்டுச் செய்யச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே நிறுத்திப் போட்டார். இப்போது பதிவானது.

"காலையில முதல் ரெண்டு மூணு மாட்டுக்கு ஒழுங்காதான் போவும். அப்புறம்தான் இந்த மாதிரி. நிறுத்திப் போட்டா கொஞ்ச நேரம் நல்லா இருக்கும். அதனாலதான் ஊருக்கு ஊரு நிறுத்திப் போட்டுனு இருக்கேன்."

"இத ஏன்கா புகார்ல எழுதல?"

"நீங்க கேக்கலியே மேடம்."

அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து அவருடைய போனைத் துருவினேன். அரைமணி நேரத்தில் புரிந்துவிட்டது. அது நினைவகம் கம்மியான, விலை குறைந்த போன். கேமரா திறக்க நிறைய இடம் வேண்டும். ஏற்கெனவே நாலைந்து ஆப் ஓடிக்கொண்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நிற்கிற ஒன்றைப் போன் தானாகவே நிறுத்திவிட்டு அந்த இடத்தைக் கேமராவுக்குக் கொடுக்கும். அந்த நேரத்தில் பின்னால் நின்றது எங்கள் ஆப். போனைப் பொறுத்தவரை இதில் கோளாறே இல்லை. அதனால்தான் எரரும் இல்லை, அறிக்கையும் இல்லை. கேமராவிலிருந்து திரும்பி வரும்போது ஆப் முதலிலிருந்து தொடங்கும். அதுவரை எழுதியதை நாங்கள் எங்கேயும் சேமித்திருக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துச் சேமித்துக்கொள்ளலாம் என்று எழுதியவள் நான்தான். என் போனிலும் நண்பர்கள் போனிலும் இடம் தாராளமாக இருந்ததால் எங்களுக்கு ஒருநாளும் இது நடக்கவில்லை.

அவருக்குப் புரிகிறமாதிரி இதைச் சொன்னேன். "தப்பு எங்களோடதுக்கா. உங்க போன் மேலயும் இல்ல, உங்க மேலயும் இல்ல."

நோட்டைப் புரட்டி அந்தச் சுழிகளைப் பார்த்தார். பிறகு, "அப்போ நான் சரியாதான் அமுத்தறனா?" என்று கேட்டார்.

"சரியாதான் அமுத்தறீங்க."

"எங்க வூட்டுக்காரர்கூட உனக்கு அமுத்தத் தெரியலன்னுட்டாரு. நானும் அப்படித்தான் நெனச்சினு இருந்தேன்." சொல்லிவிட்டு நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தார். மீதி எட்டு மாடுகளையும் போனை நிறுத்தி நிறுத்திப் போட்டே இரண்டு பேருமாக முடித்தோம். மதியச் சாப்பாடு அவர் வீட்டில். தன் வீட்டுக்காரரிடம் போனின் நினைவகத்தைப் பற்றி அக்காவே விளக்கினார்.

கண்ணை விட்டு மறைகிற எந்த ஆப்பையும் உடனே நிறுத்திவிடும்படி சொல்லும் அமைப்பு ஒன்று போனிலேயே உண்டு. வீட்டுக்கு வந்து என் போனில் அதைப் போட்டேன். முதல் போட்டோவிலேயே எல்லாம் காணாமல் போனது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆப் பாழாவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை அவர் பார்த்ததில்லையாம்.

ஒவ்வொரு விவரத்தையும் எழுதிய கையோடு சேமிக்கும்படி மாற்றினேன். இரண்டு நாள் ஆனது. அக்காவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டார். "எழுதுனது அப்படியே இருக்கு மேடம். ஆனா போட்டோ வரல." போட்டோவை எங்கே வைத்தோம் என்பதையும் ஆப் மறந்துபோயிருக்கிறது, அதை நான் யோசிக்கவே இல்லை. அதையும் சரிசெய்து அனுப்ப இன்னொரு நாள். அடுத்த சாயங்காலம் போன் வரவில்லை. நானே பொறுக்காமல் கூப்பிட்டேன்.

"பதினாலு மாடு மேடம். ஒரு வாட்டிகூட நிறுத்திப் போடல" என்றார். "வேலை ஜாஸ்தியா இருந்திச்சி, அதான் கூப்பிடல."

நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோளாறு எங்கள் ஆப்பில்தான், போன மாதங்களில் பதிவு குறைந்ததற்கு அவர் காரணமில்லை, அவரிடம் இருக்கும் நோட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது என்று. "நம்ம மேலயே எழுதிக்கணுமா?" என்று நண்பர் தயங்கினார். ஆனாலும் கடைசியில் அவரும் கையெழுத்துப் போட்டார். அக்காவை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, நோட்டில் இருப்பதைப் பொறுமையாக ஏற்றுங்கள் என்றார்களாம். "மன்னிப்புலாம் கேக்கல. ஆனா உக்காரச் சொன்னாங்க" என்றார்.

மற்ற ஊழியர்களின் போன்களிலும் இதே மாதிரி நடந்திருக்கிறதா என்று பிறகு தேடிப் பார்த்தோம். இன்னும் ஆறு பேருக்கு நடந்திருந்தது. ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை. புதிய ஆப் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த மாதத்தில் அந்த ஆறு பேருடைய பதிவும் கூடியது.

இப்போது என் மேசையில் அக்காவிடம் இருப்பது போன்ற விலை குறைந்த போன் ஒன்றும் இருக்கிறது. எதைச் செய்தாலும் அதில்தான் முதலில் போட்டுப் பார்க்கிறேன். அக்காவும் விடுவதில்லை. போன வாரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "மாடு கழுவுற வீட்ல கை ஈரமா இருக்குது. அமுத்தினா எடுக்க மாட்டேங்குது. பட்டனப் பெருசா போட்டா நல்லா இருக்கும்." இந்த வாரம் அந்த வேலைதான். மேசையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, விரலை நனைத்து நனைத்து அழுத்திப் பார்க்கிறேன். மகளும் பக்கத்தில் நின்று விரலை நனைத்துக்கொள்கிறாள். பத்துக்கு ஏழு தடவை எடுக்கிறது. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் பத்தும் எடுக்கும்.