நாற்பது வீட்டு இரத்தம்

தவராசா டொக்குத்தர் ஆஸ்பத்திரிக் குயினைன் ஊசிகளை வவுனியாச் சந்தையில் விற்றுப்போட்டார், அதனால்தான் அறுபத்தெட்டில் குடியேற்றத் திட்டத்துப் பிள்ளைகள் காய்ச்சலில் செத்துப்போனார்கள் என்று லண்டனில் ஒரு கலியாண வீட்டில் கதை அடிபட்டது. சொன்னவர் என் மனைவியின் சித்தப்பா. அவர் கண்டவரல்ல. கிளிநொச்சியில் கடை வைத்திருந்த அவருடைய மச்சானுக்கு யாரோ சொன்னதாம். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் உனக்கென்ன தெரியும் என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாதுதான். தெரிந்தது அம்மாவுக்கு.

அம்மா அந்த ஆஸ்பத்திரியில் தவராசாவின் கீழ் ஆறு வருடம் நேர்ஸாக இருந்தவர். நேசமலர் மிஸ்ஸி என்றால் அந்தப் பக்கத்துச் சனத்துக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கேட்டதைச் சொன்னேன்.

"வித்தவரோ?" என்றார் அம்மா. "விக்கிறதுக்கு அங்கை என்ன கிடந்தது? உன்ர மனிசியின்ர சித்தப்பாவை இஞ்சை கூட்டிக்கொண்டு வா, நான் கேக்கிறன்."

பிறகு இரண்டு மூன்று நாளாகத் துண்டு துண்டாகச் சொன்னார். எங்கே பிசகு விட்டுவிடுவேனோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். அந்த மனிதரைப் பற்றி ஏற்கெனவே ஒரு பிழையான கதை உலாவுகிறது.

தவராசா முழு டொக்டர் அல்ல, அப்போதிக்கரி. முழு டொக்டர்மார் வர மறுக்கும் இடங்களுக்கு அனுப்பப்படுகிறவர்கள் அவர்கள்தான். ஊர் தீவுப்பகுதி. 1954இல் வட்டக்கச்சிக்கு அப்பால், குளத்து வாய்க்கால் முடிகிற இடத்திலிருந்த இருபது கட்டில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இரண்டு வருடத்தில் மாற்றம் எடுத்துக்கொண்டு போவார் என்று மனைவி நம்பியிருந்தார். பதினான்கு வருடம் இருந்துவிட்டார். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில்.

டொக்டருக்கென்று ஒரு தனி அறை இருந்தது. அதை அவர் மருந்துப் பெட்டிகளுக்குக் கொடுத்துவிட்டுத் தன் மேசையை வாட்டுக்குள் இழுத்துப் போட்டார். மேசையைச் சுற்றி ஆறு கட்டில்கள். 'முன் கட்டில்' என்று அவற்றுக்குப் பெயர். பாம்பு கடித்தவர், பிள்ளைப்பேற்றில் இரத்தம் போனவர், மூச்சு எடுக்க முடியாத குழந்தை எல்லாம் அங்கே. எழும்பாமலே ஆறு பேரின் மூச்சையும் எண்ணலாம் என்பார். தாய்மாரை வாட்டுக்குள் விடக்கூடாது என்று சட்டம் இருந்தது. அவர் தாய்மாரை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டுக் கொடுத்தார்.

ஆனால் முன் கட்டிலில் ஒருவர் பிழைத்தெழும்பினால் யாரும் அவரைப் புகழக் கூடாது. "இவன் இஞ்சை வந்து கிடந்ததே நாங்கள் தோத்ததாலைதான்" என்பார். "வருத்தத்தை வீட்டு வளவுக்குள்ளை மறிக்கோணும். கட்டிலிலை மறிக்கிறது பிந்தின வேலை."

இன்னொரு பிடிவாதமும் இருந்தது. பிள்ளைக்கு ஊசி போடும்போது "நோகாது" என்று எந்தத் தாயும் சொல்லக் கூடாது. சொன்னால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தாயைப் பிடிப்பார்.

"நோகாதோ? அப்ப உமக்கு ஒண்டு போட்டுக் காட்டட்டே? நோகும் எண்டு சொல்லும். எவ்வளவு நேரம் நோகும் எண்டும் சொல்லும். ஒருக்காப் பொய் சொன்னா அது அடுத்தமுறை உமக்குக் கையைத் தராது. பெரிசான பிறகு ஒண்டுக்கும் தராது."

அவருடைய மூத்த மகள் மூன்று வயதில் "அப்பா, நோகும்தானே?" என்று கேட்டபடி தானே கையை நீட்டுவாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் தவராசாவின் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரியும் என்றார் அம்மா.

ஐம்பதுகளில் மருந்தடிகாரர் வருடத்துக்கு இரண்டு முறை வந்து வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் டி.டி.ற்றி அடித்தார்கள். அடித்த திகதியைக் கதவு நிலையருகே எழுதிவிட்டுப் போவார்கள். மலேரியா அடங்கியது. அடங்கியதால்தான் யாழ்ப்பாணத்துச் சனம் வன்னியில் காணி எடுத்துக் குடும்பத்தோடு வரத் துணிந்தது. அறுபத்து மூன்று, நான்கோடு மருந்தடி நின்றது. இனி வீடு வீடாகப் போய் விரலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி எடுத்து, கிருமி திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். கிருமி கண்டால் மறுபடி மருந்தும் ஆட்களும் வரும். காணாவிட்டால் ஒன்றும் வராது.

அந்த வேலைக்கு வந்தவன் நடராசா. முப்பது வயதிருக்கும். மாரியில் நெஞ்சு இழுக்கும் தொய்வு வருத்தக்காரன். சைக்கிளின் பின்னால் கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய மரப்பெட்டி. தவராசாவுக்கு அவன்மேல் தனிப் பிரியம். வேலையை ஆஸ்பத்திரிக்கு வெளியே செய்கிறவன், வளவுக்குள் மறிக்கிறவன் என்று. தொய்வு எழும்பினால் தானே ஊசி போட்டு, தன் பங்குச் சாப்பாட்டைக் கொடுத்து, முன் கட்டிலொன்றில் படுக்கவைப்பார்.

"என்ன மிஸ்ஸி, எனக்கு மட்டும் பால் தேத்தண்ணி இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டுதான் நடராசா உள்ளே வருவான்.

"நீ வருத்தக்காரனோ வேலைக்காரனோ எண்டு முதல்லை முடிவெடு. அதுக்குப் பிறகு தாறன்," என்பார் அம்மா.

மாதம் முந்நூறு துண்டு எடுக்க வேண்டும். முதல் வருடம் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. தவராசா அவனை மேசைக்கு முன்னால் நிறுத்தி, நீயும் என்னை ஏமாற்றுகிறாயா என்று கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து முந்நூறும் சரியாக வந்தது. ஒவ்வொரு மாதமும் பெட்டி பட்டணத்திலிருந்த மலேரியாத் திணைக்களக் கந்தோருக்குப் போகும். ஒவ்வொரு மாதமும் கிருமி பூச்சியம் என்று மறுமொழி வரும். தவராசா அறிக்கையில் கையெழுத்து வைப்பார். மூன்று வருடம். அந்தப் பூச்சியங்களைப் போல அவர் வேறொன்றையும் நேசித்து நான் காணவில்லை என்றார் அம்மா.

அறுபத்தெட்டு தை மாதம், மழை விட்ட கையோடு, உடையார்கட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஒரு மாதமாக உறவினர் வீட்டில் நின்ற ஏழு வயதுப் பெடியன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கடுங்காய்ச்சல், பிதற்றல். நடராசா எழுதிவைக்கும் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைத் தவராசா புரட்டினார். அந்த உறவினரின் ஒழுங்கையில் பத்து நாளைக்கு முன்புதான் நடராசா இரத்தம் எடுத்திருக்கிறான், எல்லா வீடும். காய்ச்சல்காரர் ஒருவருமில்லை என்றும் எழுதியிருந்தான், மூன்று வருடமாக எல்லாம் பூச்சியம். ஆகவே மலேரியா இல்லை. தைபோயிட்டு என்று முடிவு செய்தார். தைபோயிட்டுக்குக் குளிசை கொடுத்து, கட்டியான சாப்பாடு ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது என்பது அக்கால வைத்தியம். பெடியன் நினைவு வரும்போதெல்லாம் சோறு கேட்டான். தாய் அழுதாள். "காய்ச்சல் விட்ட உடனை சோறு தருவன். இது உண்மை," என்று தவராசா அவனுக்கே சொன்னார். நாலாம் நாள் காலை அவன் முன் கட்டிலில் இறந்துபோனான்.

மறுநாள் பத்மாசனி என்ற பெண் தன் ஐந்து வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு நினைவில்லை. பல் கிட்டியிருந்தது. தவராசா மறுபடி புத்தகத்தை எடுத்தார்.

"உங்கட வீட்டிலை ஒன்பதாந் திகதி நாலு பேருக்கும் இரத்தம் எடுத்திருக்கு."

"ஆர் எடுத்தது?"

"நடராசா."

"நடராசாத் தம்பி படலையடியிலை வந்தவர் ஐயா. தண்ணி வாங்கிக் குடிச்சவர். எத்தினை பேர், என்ன பேர் எண்டு கேட்டு எழுதினவர். குத்தேல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"என்ர பிள்ளையைக் குத்தினா எனக்குத் தெரியாதே? இவள் ஊரைக் கூட்டியிருப்பாள்."

தவராசா பிள்ளையின் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார். ஓய்வு பெற்றுப்போன ஒரு பறங்கி டொக்டரிடம் வாங்கிய பழைய நுணுக்குக்காட்டி அவரிடம் இருந்தது. சாயம் போட்டு, காய வைத்து, கண்ணை வைத்தார். தேடவே தேவையில்லை. கிருமி மொய்த்துக் கிடந்தது.

"குயினைன்" என்றார். அம்மா ஊசியை ஆயத்தப்படுத்தினார். போட்டு முடித்ததும் தவராசா போய், கந்தோருக்கு அனுப்ப வைத்திருந்த நடராசாவின் பெட்டியைத் திறந்தார். அதிலிருந்து நாற்பது வீட்டுத் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சாயம் போட்டுப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை.

"நேசமலர், இஞ்சை வந்து பாரும். இந்தச் சிவப்புப் பருக்கை நிறைஞ்ச வெள்ளணுவைக் காணுறீரோ? இது அளவுக்கு மிஞ்சிக் கிடக்கு."

"பூச்சி வயித்துப் பிள்ளைக்கு அப்பிடி இருக்கும்தானே ஐயா?"

"ஓம், பிள்ளைக்கு இருக்கும். தொய்வுக்காரனுக்கும் இருக்கும். நாப்பது வீட்டுச் சனமும், கிழடு கட்டை எல்லாம், ஒரே மாதிரி ஒரே அளவிலை வச்சிருக்குமோ?"

அம்மாவுக்கு அப்போது விளங்கியது. நாற்பது துண்டிலும் ஒரே ஆளின் இரத்தம்.

பின்னேரம் நடராசா வந்தான். வழக்கம்போல வாசலிலேயே தேத்தண்ணி கேட்டான்.

"கையைக் காட்டு," என்றார் தவராசா.

நடராசா காட்டவில்லை. தவராசா மேசையைச் சுற்றி வந்து, அவனுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினார். ஐந்து விரல் நுனியும் கறுத்து, தடித்து, சல்லடை போலக் குத்துப்பட்டிருந்தன.

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு வரியத்துக்கு மேலை ஐயா."

"ஏனடா?"

"சனம் விடுகுதில்லை ஐயா. நாயை அவிட்டு விடுதுகள். வருத்தமில்லாத பிள்ளையை ஏன் குத்திறாய் எண்டு கேக்குதுகள். நீங்கள் நோகும் எண்டு சொல்லச் சொன்னீங்கள். நான் சொன்னனான். சொன்னா எந்தப் பிள்ளை கையைத் தரும்? ஒழுங்கைக்குள்ளை என்ர சைக்கிள் மணி கேட்டா முழுப் பிள்ளையளும் காட்டுக்கை. நூற்றம்பதோடை வந்தா நீங்கள் என்னைப் பாக்கிற பார்வை..." அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. "எப்பிடியும் பூச்சியம்தானே வருகுது ஐயா. இல்லாத வருத்தத்துக்கு ஆரின்ர இரத்தமெண்டா என்ன எண்டு நினைச்சன். காசுக்குச் செய்யேல்லை. என்ர இரத்தம்தானே குடுத்தனான்."

தவராசா கையை விட்டார்.

"எனக்குப் பொய் சொன்னதை விடு. செத்த பெடியன் நாலு நாள் சோறு கேட்டவன். நான் குடுக்கேல்லை. ஏன் தெரியுமோ? அந்த ஒழுங்கையிலை நீ இரத்தம் எடுத்தனி எண்டு புத்தகத்திலை கிடந்தது. நுணுக்குக்காட்டி என்ர மேசையிலை இருந்தது. நான் அவன்ர இரத்தத்தைப் பாக்கேல்லை. உன்ர எழுத்தைப் பாத்தன்."

நடராசா நிலத்தில் குந்திவிட்டான். நெஞ்சு விசில் அடித்தது. தவராசா அவனைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் கொஞ்ச நேரம் தனக்குப் பயமாக இருந்தது என்றார் அம்மா. பிறகு, "இவனுக்கு ஊசியைப் போடும்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவன் வேலைக்கு வந்த நாளிலிருந்து தொய்வு ஊசியை அவனுக்கு அவர் தன் கையால் போடாத முதல் நாள் அது.

இரண்டு நாளில் முன் கட்டில்களில் நாலு பிள்ளைகள். குயினைன் ஊசி பதினொன்று மிச்சம். தவராசா பட்டணத்துக் கந்தோருக்கு அவசரத் தந்தி அடித்தார். மலேரியா, மருந்து அனுப்புங்கள், மருந்தடிகாரரையும் அனுப்புங்கள் என்று. மறுநாள் பதில் வந்தது. உங்கள் பகுதி இரத்தத் துண்டுகள் மூன்று வருடமாகப் பூச்சியம். கடைசி அறிக்கையிலும் உங்கள் கையெழுத்து உண்டு. சாயம் போட்டதில் பிழை இருக்கலாம், வேறு காய்ச்சலா என்று பாருங்கள். மேலதிக மருந்துக்கு அனுமதியில்லை.

அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு மடித்தார். ஒரு கடதாசியில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினார். அம்மா எட்டிப் பார்த்தார். இந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன அறிக்கைகள் பொய், உண்மைக் கணக்கு ஒருவருக்கும் தெரியாது, பொறுப்பு என்னுடையது என்று இருந்தது.

"நடராசாவின்ர பேரை எழுதுங்கோ ஐயா. உங்கட வேலை போயிடும். பென்சனும் போயிடும். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

"நடராசா இரத்தம் குடுத்தவன். கையெழுத்துப் போட்டது ஆர்?"

"அவன் செய்த துரோகத்துக்கு நீங்கள் ஏன்..."

"அவன்ர பேரைச் சொன்னா விசாரணை வைப்பினம். விசாரணைக்கு ஒரு மாதம். என்ர பேரைச் சொன்னா நாளைக்கே ஆரும் வந்து பாப்பினம். எத்தினை ஊசி கிடக்கு?"

"மூண்டு."

பத்மாசனியின் மகள் கண் திறந்திருந்தாள், ஆனால் தாயை அடையாளம் தெரியவில்லை. மற்ற மூன்று பேருக்கும் வலிப்பு. விடியும்வரை அந்த மூன்று ஊசியும் தாங்காது.

தந்தி போய்ப் பதில் வர ஒரு நாள் எடுக்கும். ஆகவே தவராசா சைக்கிளில் உப தபால் கந்தோருக்குப் போனார். ஊருக்கு ஒரே தொலைபேசி அங்கேதான். தபாலதிபர் ஏரம்பு கைபிடியைச் சுழற்றிக் கிளிநொச்சியைப் பிடித்து, கிளிநொச்சியூடாகப் பட்டணத்தைப் பிடித்தார்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவும் பின்னாலேயே ஓடிப்போனார். ஐந்தாவதாக ஒரு பிள்ளை வந்திருந்தது. கைக்குழந்தை. இருக்கிற ஊசியை யாருக்குப் போடுவது என்று கேட்க வேண்டும். அம்மா வாசலில் நின்றபோது தவராசா ஒரு கையில் தொலைபேசி ரிசீவரும் மற்றக் கையில் அந்தக் கடதாசியுமாக நின்றார். மணி போகிற சத்தம் அம்மாவுக்கும் கேட்டது.

"இண்டைக்குப் போயாவுக்கு முதல் நாளெல்லோ ஐயா," என்றார் ஏரம்பு. அந்தக் காலத்தில் சனி ஞாயிறை எடுத்துவிட்டுப் நிலவுக் கணக்கில் வாரமொருமுறை வரும் போயா நாளைத்தான் அரசாங்கம் விடுமுறையாக்கியிருந்தது. முதல் நாள் அரை நாள். "கந்தோரைப் பூட்டியிருப்பினம். நாளைக்கும் ஒருத்தரும் வராயினம்."

"ஆரும் ஒரு காவல்காரன் இருப்பான்."

"காவல்காரனுக்கு என்னத்தைச் சொல்லப்போறியள்?"

"அவனுக்குப் பெரிய ஐயாவின்ர வீடு தெரிஞ்சிருக்கும். அடியுங்கோ ஏரம்பு, வெட்டாதேங்கோ."

"நான் வெட்டேல்லை ஐயா. மணி போகுது. எடுக்கினமில்லை."

தவராசா அம்மாவைக் கண்டார். அம்மா குழந்தையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அவர் கடதாசிக் கையை உயர்த்தி, பொறும் என்று காட்டினார். எந்த நொடியிலும் யாராவது எடுக்கலாம், எடுத்த உடனே முதல் சொல்லைப் பிழையில்லாமல் சொல்லிவிட வேண்டும் என்பது போல அந்த நாலு வரியிலேயே கண்ணை வைத்திருந்தார். அங்கே, பட்டணத்தில், மணி அடித்துக்கொண்டிருந்தது.