ஒரு நாள் சித்தப்பா

அல் ஐன் கோட்டையைப் பார்க்கப் போகிறோம் என்று அப்பா சொன்னபோது நான் குதித்தேன். அம்மா புளி கரைக்கப் போனாள். துபாயில் நாங்கள் குடியேறிய புதிது. எனக்கு ஏழு வயது.

வெள்ளிக்கிழமை காலையில் காரின் பின்சீட்டில் எனக்கு முன்பே அப்பாவின் நண்பர் உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவராம். ஒரு வாரமாக எங்கள் வீட்டு உள்ளறையில் தங்கியிருந்தார். ஜன்னல் பக்கமே வரமாட்டார். அன்று அப்பாவின் சட்டை ஒன்று அவர் தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"யாராவது கேட்டா, இவரு உன் சித்தப்பா. சரியா?" என்றார் அப்பா.

எனக்குச் சொந்தத்தில் சித்தப்பா கிடையாது. கிடைத்தவரை விடுவேனா? "சித்தப்பா, ஒட்டகம்! சித்தப்பா, அங்க பாருங்க!" என்று வழியெல்லாம் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் சற்றுத் தாமதமாகத்தான் திரும்பினார்.

பாலைவனத்தின் நடுவே போலீஸ் சாவடி வந்தது. போலீஸ்காரர் எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு நண்பரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வீட்ல மறந்துட்டாரு, பாய். என் தம்பி" என்று அப்பா இந்தியில் சொன்னார். குரல் அப்பாவுடையதாகவே இல்லை.

போலீஸ்காரர் பின்கதவைத் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. அவர் குனிந்து, நண்பரைச் சுட்டி என்னிடம் கேட்டார்: "அம்மி?"

அரபியில் அது சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்குமான சொல். எனக்கோ அம்மி என்றால் அம்மிதான். திருச்சியிலிருந்து அம்மா விமானத்தில் ஒன்றைத் தூக்கி வந்ததை ஊரே பேசியது. போலீஸ் வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப்போனேன்.

"ஆமா, எங்க அம்மி! எங்க அம்மியேதான்!" என்று கைகளை அகல விரித்தேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கதவைச் சாத்தி, "யல்லா" என்று போகச் சொன்னார். காரில் நான் மட்டும்தான் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

நண்பர் பம்பாயிலிருந்து லாஞ்சில் வந்து திருட்டுத்தனமாகக் கரை இறங்கியவர் என்பதும், மாட்டியிருந்தால் அப்பாவையும் சேர்த்து உள்ளே தள்ளியிருப்பார்கள் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அல் ஐனில் ஒரு பேரீச்சந்தோட்ட முதலாளி அவருக்கு கஃபீலாக, அதாவது பொறுப்பேற்பவராக, நின்று விசா எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாராம்.

கோட்டை எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மண்ணால் கட்டியது, ராஜா இல்லை, யானை இல்லை. சுவரோர நிழலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. நண்பர் தன் பையை எடுத்துக்கொண்டார். ஒரு வாரமாக அவரிடம் முகங்கொடுத்துப் பேசாத அம்மா, புளிச்சோற்றுத் தூக்கை அப்படியே அவர் கையில் திணித்தாள்.

"உங்களுக்கு, அண்ணி?"

"நாங்க வீட்டுக்குத்தானே போறோம். நீங்க சாப்பிடுங்க."

பசியில் நான் அழுதேன். யாரும் சமாதானப்படுத்தவில்லை.

திரும்பும்போது அதே சாவடி. ஒருவர் குறைவாகப் போகிறோம். அப்பா ஸ்டியரிங்கை இறுகப் பற்றியிருந்தார். இப்போது வேறொரு போலீஸ்காரர் நின்றிருந்தார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கையசைத்தார்.

சாவடி கண்ணுக்கு மறைந்ததும் அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். இறங்கி, மணலில் முழங்காலிட்டு வாந்தி எடுத்தார். அம்மா அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் வெகுநேரம் காருக்குத் திரும்பவில்லை.

எங்கள் அப்பாவுக்குக் கார் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.