பவுனு கைச்சோறு

கூடலூரிலிருந்து விடியற்காலையில் குமுளி மலையேறும் ஜீப்புகளில் ஒன்றில், பின்சீட்டு ஓரம் பவுனுவுக்கு என்றே ஒதுக்கியதுபோல் இருக்கும். கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே போகிறவள், மகன் மகிழன் பிறந்த பிறகுதான் ஒன்றரை வருஷம் வீட்டோடு இருந்தாள்.

அந்த மகிழன் சோற்றைக் கண்டால் கடன்காரனைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்புவான். பருப்புச் சோறு, நெய் விட்ட இட்லி, மசித்த பழம், எதை வைத்தாலும் நாக்கால் வெளியே தள்ளிவிட்டு அம்மாவின் மாராப்புக்குள் தலையை நுழைத்துக்கொள்வான். பால்வாடி டீச்சர் எடை போட்டுப் பார்த்து, "பிள்ளை எடை ஏறவே இல்லையேம்மா. தாய்ப்பாலோட சோறும் சேத்துக் குடு" என்றார். தாய்ப்பாலோடு என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தை மட்டும் தெருவில் யார் காதிலும் விழவில்லை.

"பால மறக்கடிச்சாத்தான் சோறு இறங்கும். டீச்சரே சொல்லிட்டாகல்ல?" என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதே நேரம் தோட்டத்து சூப்பர்வைசர் சசிதரனும் போனில் பிடித்துக்கொண்டார். "காய் பழுத்துப் போகுது பவுனு. நீ வரலைன்னா வேற ஆள எடுக்கும், கேட்டோ."

பவுனு வேப்பிலையை அரைத்தாள். பால் மறக்கடிக்க இந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான், அவள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. சாயங்காலம் மார்பில் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசையாக ஓடிவந்து வாய் வைத்தவன் வெடுக்கென்று எடுத்தான். வீறிட்டு அழுவான் என்று நினைத்தாள். அவனோ நாக்கை நீட்டியபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அழுதது அவள்தான்.

மறுநாள் ஒருமுறை வந்தான், மோந்து பார்த்தான், போய்விட்டான். பால் மறந்துவிட்டது என்று தெரு மெச்சியது. பவுனு ஜீப் ஏறினாள்.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு நாத்தனார் விஜி. வேலை விட்டு வந்தவளிடம், "மதினி, எம்மருமகன் முழுசா ஒரு இட்லி தின்னுட்டான்!" என்றாள். பவுனுவுக்கு வயிறு குளிர்ந்துபோனது. கையைக் கழுவிவிட்டுச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் நீட்டினாள். மோந்து பார்த்து உதட்டை இறுக்கிக்கொண்டான். அதே சோற்றை விஜி ஊட்டினாள், வாங்கிக்கொண்டான். அப்பன் சங்கிலி ஊட்டினாலும் வாங்கினான். தெருவில் போகிற ஐஸ்காரர் நீட்டினால்கூட வாயைத் திறப்பான் போலிருந்தது. பெற்றவள் கைக்கு மட்டும்தான் பூட்டு.

"ஏலக்காய்ப் பிசினு கையில ஒட்டிருக்கும்ல? அந்த வாடை பிள்ளைக்கு ஒவ்வல மதினி" என்றாள் விஜி.

பவுனு அதை நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது. புளி போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள், கரண்டியால் கொடுத்துப் பார்த்தாள். லீவு போட்டு, காயே தொடாத கையால் ஊட்டினாள். அப்போதும் மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். ஏலக்காய்மேல் போட்ட பழி நிற்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பச்சப் பிள்ளைய ஏமாத்திட்டேங்க" என்று சங்கிலியிடம் அழுதாள்.

"ஊரு உலகத்துல இல்லாததையா செஞ்சிட்ட? போகப்போகச் சரியாப்போகும்" என்றான் அவன்.

எல்லாரும் செய்வதுதான். எல்லார் பிள்ளையும் மறந்துவிடுகிறது, இவன் மறக்கவில்லை. அதைவிட, சோறு இறங்கட்டும் என்றா தடவினோம், ஜீப் போய்விடுமே என்றல்லவா தடவினோம் என்ற நினைப்புதான் அவளைக் குத்தியது. வீரபாண்டிக்குப் போய் கௌமாரியம்மன் முன்னால் நின்று சண்டையே போட்டாள். "உன் இலையத்தான ஆத்தா தடவுனேன், என்னைய எதுக்குத் தண்டிக்கிற?" ஆத்தா வழக்கம்போல் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்த பசியில், பிள்ளையைக் கெஞ்சத் தெம்பில்லாமல், தன் தட்டில் ரசஞ்சோற்றைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். மகிழன் எதிரே வந்து குந்தினான். கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்தான். பிறகு தட்டில் கையைவிட்டு நாலு பருக்கையை அள்ளி அவள் வாயில் திணித்தான். அவள் மென்று விழுங்கும்வரை முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகம் கோணவில்லை என்று தெரிந்ததும் அதே தட்டிலிருந்து தானும் ஒரு பிடி அள்ளித் தின்றான். மறுபடி அவளுக்கு ஊட்டிவிட்டுப் பார்த்தான். மறுபடி தான் தின்றான்.

அன்றிலிருந்து அவள் வீட்டிலிருக்கும் வேளையில் இப்படித்தான் சாப்பாடு. அவள் கையிலிருந்தும் வாங்குகிறான், ஆனால் முதல் வாய் அவளுக்கு. எடையும் ஏறிவிட்டது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஆச்சரியம்.

"பெத்தவ மேல எம்புட்டுப் பாசம் பாரு! அவளுக்கு ஊட்டாம ஒரு பருக்கை திங்க மாட்டேங்கிறான். குடுத்து வச்சவ மதினி நீ" என்கிறாள் விஜி.

பவுனு சிரித்துத் தலையாட்டுவாள். பிள்ளை எதற்காகத் தன் முகத்தைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. குழம்பு காரமாக இருந்தால், "காரம்டா சாமி, வேணாம்" என்று அவனுக்கு முன்னாலேயே துப்பிவிடுகிறாள்.